மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போடுகிறவர்

பல் துலக்குவதற்கு முன்னால் அவர் தொட்டிக்குத் தீனி போட்டுவிடுவார். இரண்டு விரல்களுக்குள் அடங்கும் ஒரு சிட்டிகை. அதையும் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவி, அது தண்ணீரில் ஊறி மெல்ல அடியில் போய்ப் படுக்கும்வரை குனிந்து பார்ப்பார். தொட்டியில் கூழாங்கல் இருக்கிறது, இரண்டு செடிகள் இருக்கின்றன, மூலையில் ஒரு வடிகட்டி குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. மீன் மட்டும் இல்லை. ஐந்து வாரமாக இல்லை.

"யாருக்குங்க இவ்வளவு உபசாரம்?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"உள்ளே இருக்காங்கம்மா. கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

இதைக் காதில் வாங்கிய பால்காரர் அன்றிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

பிழைப்பு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். இருபத்திரண்டு வருடமாக, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பிறர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறார். மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக் சார்'. "கண்ணாடியைப் பாருப்பா. உன் மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்ற லாரியை!" என்பது அவருடைய முதல் பாடம். "அவசரம் என்ன? சிக்னல் எங்கயும் ஓடிப்போகாது" என்பது கடைசிப் பாடம். நடுவில் யார் எந்தத் தப்பைச் செய்தாலும் அந்த நொடியே சொல்லிவிட வேண்டும் அவருக்கு. இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு நிதானஸ்தர், ஆறு வாரத்துக்கு முன்னால் தொட்டி வாங்கிய அன்றே ஏழு மீன்களையும் வாங்கிவந்தார். தண்ணீர் பளிங்குபோல இருந்தது. ஆறாம் நாள் ஏழும் போய்விட்டன. கடைசி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபோது, மனைவி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மருத்துவமனையில் தலைமைச் செவிலி, எத்தனையோ பார்த்தவர். "அங்க ஏதாவது செய்யலாம். இங்க வெறுமனே வேடிக்கை பாக்க வேண்டியிருக்கு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா? லைசென்ஸ் எடுக்காத தண்ணியில மீனை இறக்கிட்டீங்களே!"

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே நஞ்சு. அதைத் தின்று தீர்க்க ஒருவகை நுண்ணுயிர் உண்டு. அது தின்றபின் மிஞ்சுவதும் நஞ்சுதான். அதைத் தின்ன இன்னொரு வகை உண்டு. இரண்டும் வடிகட்டிப் பஞ்சில் குடியேறிக் குடும்பம் பெருக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை அவற்றைப் பட்டினி போட முடியுமா? அதற்குத்தான் அந்தச் சிட்டிகைத் தீனி. அது அழுகினால் அமோனியா. அமோனியா வந்தால் அவர்களுக்கு விருந்து.

இதையெல்லாம் அவர் மச்சானிடம் சொன்னார், கடைக்காரரிடம் சொன்னார், கிளட்சை எப்போது விடுவது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம்கூடச் சொன்னார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. கூடத்தின் நடுவில் கிருமி வளர்க்கிறேன் என்று ஒரு தலைமைச் செவிலியிடம் சொல்ல எந்தப் புருஷனுக்குத் தைரியம் வரும்? "தண்ணி பழகணும்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"பழகட்டும். ஆனா இன்னொரு சாவை நான் பாக்க மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. சரிப்பட்டு வரலைன்னா தொட்டியை எங்க அண்ணனுக்குக் குடுத்துடலாம்" என்றார் மனைவி.

அந்த அண்ணன், அதாவது மச்சான், வரும்போதெல்லாம் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். "என்ன மாப்ளே, எல்லாரும் வெளியூர் போயிருக்காங்களா?"

தினமும் மாலையில் பிரேக் சார் சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்து சொட்டுவார். பச்சை என்றால் அமோனியா இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. நிறம் பார்ப்பதில் அவர் கண்ணை அவரே நம்புவதில்லை. மனைவிதான் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துத் தீர்ப்புச் சொல்வார். கரும்பச்சை, இலைப்பச்சை, கிளிப்பச்சை என்று காலண்டரில் இறங்கிக்கொண்டே வந்து, ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை எலுமிச்சை மஞ்சள். வெள்ளிக்கிழமையும் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மீன் வாங்குவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மாலை அவர் வீடு திரும்பியபோது, துணிக்கொடியில் அவருடைய இரண்டு சட்டைகளுக்கு நடுவே, ஒரு கிளிப்பில் வடிகட்டிப் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று.

"அந்த டப்பாவை என்னிக்காவது திறந்து பாத்தீங்களா? பழுப்பா, வழவழன்னு... அதுல போய் மீனை விடப் பாத்தீங்களே! கிருமிநாசினியில ஒரு மணி நேரம் ஊறவச்சு, கொதிக்கிற தண்ணியில நாலு தடவை அலசிட்டேன். இந்தத் தடவை எதுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுங்க" என்றார் மனைவி. லீவு நாளை முழுசாக அதற்கே செலவிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிரேக் சார் வாயைத் திறந்தார். மூடினார். "நல்லா காஞ்சிருச்சு" என்றார்.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று மீன் கடைப் பக்கம் போகாமல் இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை குழாய் பச்சையாயிற்று. மனைவி அதை விளக்குக்கு நேரே பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். "வெள்ளிக்கிழமை மஞ்சள்தானே?"

"தண்ணிதானே, ஏறும் இறங்கும். மாசக் கடைசிக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. உங்க அண்ணனை வந்து எடுத்துக்கச் சொல்லிடேன்."

"உள்ளே இருக்காங்கன்னு சொன்னீங்களே. எங்க இருந்தாங்க?"

அவர் வடிகட்டியைப் பார்த்தார்.

"அந்தப் பஞ்சுலயா?"

"ம்."

"எத்தனை பேரு?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

"கிருமியா?"

"நல்ல கிருமிம்மா."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னங்க?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே கழுவியிருப்பே."



மறுநாள் மாலை மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே தொட்டிக்கு வந்தார். கையில் மூடிய டப்பா. குழந்தைகள் வார்டின் வரவேற்பறையில் எட்டு வருடமாக ஓடும் மீன்தொட்டியின் பஞ்சில் பாதி, அந்தத் தண்ணீரோடு. "அதைப் பாத்துக்கறவரு, இந்த அழுக்கு எதுக்கு சிஸ்டர்னு கேட்டாரு. பத்திரமா வெட்டுங்க, உள்ளே ஆளுங்க இருக்காங்கன்னேன்."

"எட்டு நாள்ல சரியாகுமோ என்னவோ" என்றார் இவர்.

"மாசக் கடைசின்னுதான் சொன்னேன். எந்த மாசம்னு சொன்னேனா?"

கையுறை இல்லாமல், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அந்தப் பழுப்புப் பஞ்சைத் தொட்டிக்குள் பிழிந்தார் தலைமைச் செவிலி. பளிங்குத் தண்ணீரில் சேறு புகைபோல் விரிந்தது. கையை வெளியே எடுத்தபோது விரல் நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் விழப்போன ஒரு சொட்டை அவர் சட்டென்று உள்ளங்கையில் ஏந்தி, சிந்தாமல் கொண்டுபோய், தொட்டிக்குள் விட்டார்.