அடிவாரத்துக் கல்குவியல்

நான். என் தங்கை புருஷன். சிலமலையில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர். அன்றைக்கு இருந்தது இவ்வளவு பேர்தான்.

போடிக்கு ரயில் வராத காலம். கார்த்திகை மாதம். மாப்பிள்ளையிடம் பழைய வழிநடைப் புத்தகம் ஒன்று இருந்தது. நடந்து போகிறவர்களுக்காக யாரோ எப்போதோ அச்சடித்தது. ஊரைத் தாண்டினால் எங்கே கிணறு, எங்கே சுமைதாங்கி, எங்கே பாதை பிரிகிறது என்று அதில் இருக்கும். அவர் வாசிப்பார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். சோலி இல்லாத நாளில் அதை வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே யாரும் எட்டிப் பார்க்காத பக்கமாக நடப்போம்.

அன்று மேற்கே போனோம். செங்கல் சூளை, சுடுகாடு, புளியந்தோப்பு. அதற்கப்பால் ஏலமலைக்கு ஏறும் பழைய பாதை. வேறு பாதை வந்தபின் அதில் ஆள் நடமாட்டமில்லை. காணாமற்போன காளையைத் தேடி வந்த சம்சாரி அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டார்.

அடிவாரத்தில் ஒரு கல்குவியல். ஏறுகிறவன் ஒரு கல் போடவேண்டும். இறங்கியதும் அதை எடுத்து ஓடையில் எறியவேண்டும். சம்சாரி குனிந்து எண்ணினார்.

"இருபத்தாறு. அம்புட்டுப் பேரும் ஏறுனவுக. எறங்கல."

நான் ஒரு கல் போட்டேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"ஏன் மச்சான், கல்லு வந்து என்னயத் தூக்கிட்டு எறங்குமாக்கும்?"

"கல்லு தூக்காது அப்பு. போட்டவன் தூக்குவான்" என்று சம்சாரி இரண்டு கல் போட்டார். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஒங்களுக்கு. இனி ஒங்கள எறக்குறது ஏஞ்சோலி. எடுக்கிறத மட்டும் நீங்கதேன் எடுக்கணும்."

மேலே பத்து வீடு, நல்ல தண்ணீர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பத்து வீடும் இருந்தன. ஆள் இல்லை. காய்ச்சலில் செத்தது போக மிச்சப்பேர் ஓடிவிட்டார்களாம். ஒரு வீட்டில் உரலுக்குள் உலக்கை அப்படியே சாய்ந்து நின்றது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

மேகம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. மாப்பிள்ளையைக் காணோம். கூப்பிட்டோம். "வர்றேன்" என்று மேலே கேட்டது. அடுத்து கீழே கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தங்கைக்கு அப்போது ஏழு மாதம். அவளிடம் என்ன சொல்வேன்?

"நீங்க எறங்கி ஆளக் கூட்டியாங்க. அவரில்லாம நான் எறங்க முடியாது" என்றார் சம்சாரி. நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பயம். இறங்கிவிட்டேன்.

தோப்புக் காவல்காரரை ஊருக்கு அனுப்பினேன். என் கல்லை எடுத்து எறிந்தேன். பொழுது சாயும்போது மாப்பிள்ளை தனியாக இறங்கி வந்தார்.

"அவரெங்க?"

"பின்னாலதேன் வர்றாரு. வெரசா நட, வெரசா நடன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாரே."

"மொகத்தப் பாத்தீகளா மாப்ளே?"

"இல்ல. சத்தந்தேன்."

சருகில் காலடிச் சத்தம் எனக்கும் கேட்டது. மாப்பிள்ளை தன் கல்லை எடுத்தார். சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

மறுநாள் ஆட்களோடு ஏறினோம். கடைசி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் சம்சாரி விழுந்து செத்துக் கிடந்தார். மாப்பிள்ளை வழிதவறி நின்ற இடம் அதற்கும் வெகு மேலே. தேடிப் போன சம்சாரி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

காளை தானாக வீட்டுக்கு வந்திருந்தது.

இன்றும் கார்த்திகையில் அங்கே போகிறேன். ஏறுவதில்லை. அவர் கல்லை எடுக்க எனக்கு உரிமை இல்லை. நான் நின்றிருக்கவேண்டிய இடத்தில் அவர் நின்றார். அதை நினைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பேன். இருபத்தேழு.