லோடு ஷீட்டில் எட்டு மணி நேரம்

வீட்டில் என்னென்ன ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டால் உண்மை சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. மாடியில் சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். பேனல் எத்தனை, பேட்டரி எத்தனை என்று முடிவு செய்வதற்கு முன்னால் லோடு ஷீட் எழுதியாக வேண்டும். ஃபேன் இத்தனை, லைட் இத்தனை, ஒவ்வொன்றும் நாளுக்கு இத்தனை மணி நேரம். ஏசி இருப்பதை மறைப்பார்கள். பழைய ஃபிரிட்ஜைப் புதுசு என்பார்கள். பிறகு கரண்ட் போதவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். "ஏன் சார், டாக்டர்கிட்டயும் இப்படித்தான் பொய் சொல்வீங்களா?" என்று நானும் விடமாட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

கண்டக்டர் அண்ணன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

இருபத்தெட்டு வருஷமாக பஸ் கண்டக்டர். எல்லாமே மனக்கணக்கு. நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் மொத்த வாட்டையும் கூட்டிச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை, வீட்டில் அவரும் மனைவியும்தான். அந்த அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தத் தெருவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே அண்ணன் வார ஓய்வுகூட எடுக்காமல் ஓடி ஓடிச் சேர்த்து சோலார் போட நினைத்தார். அன்று டூட்டிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கே என்னை வரச் சொல்லியிருந்தார்.

"மெஷின் எவ்வளவு நேரம் ஓடும்ணே?"

"ராத்திரி எட்டு மணி நேரம். பகல்ல தேவைப்படாது. இப்ப அவளுக்கு எவ்வளவோ தேவலாம்மா."

"டிக்கெட் கிழிக்கிற மாதிரி டக்குடக்குன்னு சொல்றாரு பாரு," என்று அக்கா சிரித்தார். "என் மூச்சக்கூட எண்ணி வெச்சிருக்காரு."

அண்ணன், என்னோடு வந்த ஃபிட்டரோடு அளவெடுக்க மாடிக்குப் போனார். மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அக்கா மெஷின் மேல் கிடந்த துணியை இழுத்துப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். குழாயை மூக்கில் மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. உதடு கறுத்திருந்தது.

"பகல்லயும் ஓடுதாக்கா?"

"எப்பவாவதும்மா."

"நெசமா சொல்லுங்க."

"நீ எட்டுன்னே எழுது. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவாரு. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பாத்துட்டிருப்பாரு. அத என்னால தாங்க முடியாது."

படியில் காலடி கேட்டது. குழாயைக் கழற்றினார், ஸ்விட்சை அணைத்தார், துணியைப் போர்த்தினார். அண்ணன் உள்ளே வந்தபோது அக்கா தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் எட்டு என்று எழுதினேன்.

மனசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் ஒரு பேனலைக் கூட்டித்தான் போட்டேன். பகலில் வெயில் இருக்கும், மெஷின் பேனலிலேயே ஓடிவிடும், பேட்டரியைத் தொடாது என்பது என் கணக்கு. வெயில் இருக்கிறவரைக்கும் அது சரியான கணக்குதான். பேட்டரியை மட்டும், மழை நாளை மனதில் வைத்து, ராத்திரிக்கு எட்டு மணி நேரம் வீதம் மூன்று ராத்திரி தாங்கும்படி வைத்தேன். ஊரில் இருப்பவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று திட்டித் திரிந்தவள், தெரிந்தே ஒரு பொய்யை என் கையால் எழுதினேன்.

எனக்கு ஒரு பழக்கம், மீட்டர் என்று எதைக் கண்டாலும் ஷீட்டில் குறித்துவிடுவேன். மெஷினின் பின்பக்கம், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கட்டம் இருந்தது. வேலை முடிந்த அன்று 3118 என்று குறித்து, பிரதி ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன்.

அறுபது நாள் நன்றாக ஓடியது. அதன் கடைசியில் புயல் வந்தது. மரங்கள் சாய்ந்து கரண்ட் கம்பிகளெல்லாம் அறுந்து கிடந்தன. போனும் வேலை செய்யவில்லை. டிப்போவிலிருந்து ஆள் வந்து அண்ணனைக் கூப்பிட்டபோது அவர் தயங்கினாராம். "போங்க, அதான் மாடில சோலார் இருக்குல்ல," என்று அக்காதான் விரட்டியிருக்கிறார். இரண்டு நாள் வானம் வெளுக்கவே இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த ஒற்றை ஆக்ஸிஜன் சிலிண்டரும் தீர்ந்துபோயிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மெஷின் நின்றது. அண்ணன் வீடு திரும்பியபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார். மூக்கில் குழாய் இருந்தது.

சாவுக்குப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஒரு தடவ வந்துட்டுப் போம்மா. சண்டைக்கு இல்ல."

பேட்டரி கோளாறு என்று சொல்லிவிடலாம், கம்பெனிமேல் பழியைப் போட்டுவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன். மேஜைமேல் என் லோடு ஷீட், மடித்து மடித்து நைந்து கிடந்தது.

"நான் எங்க தப்பு விட்டேன்னு பாரு," என்றார். "பதினாலு நாளா கூட்டிக் கூட்டிப் பாக்கறேன். மூணு ராத்திரி தாங்கியிருக்கணும். ரெண்டாம் நாளே எப்படி நின்னுச்சு? எந்த ஸ்விட்ச அணைக்காம போனேன்? ஃபேன ஓடவிட்டுட்டுப் போயிட்டேனாம்மா?"

அதைக் கேட்ட பிறகு எந்தப் பொய்யும் எனக்கு வாயில் வரவில்லை.

"நீங்க எதையும் விட்டுட்டுப் போகலண்ணே. எட்டு இல்ல. அக்கா பகல்லயும் ஓட்டினாங்க. எனக்குத் தெரியும். எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். என்னைத் திட்டுங்கண்ணே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினார்.

"இதுல எவ்வளவு இருக்கு, படி. எனக்குக் கண்ணு தெரியல."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. நான் குனிந்து படித்தேன். "நாலாயிரத்து நானூத்தி தொண்ணூத்தெட்டு."

ஷீட்டில் நான் குறித்திருந்த 3118-ஐக் கழிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"ஆயிரத்து முன்னூத்தி எம்பது. அறுபது நாளு. நாளுக்கு இருபத்து மூணு."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் விரல்விட்டு எண்ணி நான் பார்த்ததே இல்லை.

"காலைல ஆறு மணிக்கு அணைச்சுட்டுத்தான் என்னை வாசல் வரைக்கும் வந்து அனுப்புவா. நான் தெருமுனை திரும்பினதுமே போட்டிருப்பா. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கறப்ப என் எதிர்லயே போடுவா. ஒம்போது மணிக்கு நான் வந்துடுவேன்." விரல் நின்றது. "அப்ப நான் வந்து உக்கார்ற அந்த ஒரு மணி நேரந்தான்மா நிறுத்தி வெச்சிருக்கா."

நான் ஷீட்டைக் கையில் எடுத்து மறுபடியும் வைத்தேன்.

"சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காருவா," என்றார். "பஸ்ஸுல நடந்ததெல்லாம் நடிச்சுக் காட்டுவேன், அவ சிரிப்பா. இப்ப எவ்வளவோ தேறிட்டாளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். சில நாள் அவளே, 'போதுங்க, தூக்கம் வருது'ன்னு எழுந்திருக்கப் பாப்பா. 'இருடி, இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்'னு நான்தான் கையப் புடிச்சு உக்கார வெப்பேன்."