குளத்துக்குள் போன வேலி

வேலை கொடுத்தவர்கள் எங்கள் ஒழுங்கை உதயகலாவின் வாயைப் பற்றி விசாரிக்காமல்தான் கொடுத்திருக்க வேண்டும். யாழ்ப்பாண நகரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற எங்கள் கொக்குவில் பக்கத்தில் வீடும் மதிலும் விழுங்கியதுபோக மிஞ்சியிருக்கும் குளம், பனங்கூடல், பள்ள வயல் எல்லாவற்றையும் ஸ்கூட்டியில் திரிந்து பார்த்து, முதலில் காப்பாற்ற வேண்டியவை எவை என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது “உது வெறுங்காணி தானே” என்று சொல்லிவிட்டால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருவாள்.

“வெறுங்காணியோ? உங்கடை கிணத்துக்குத் தண்ணி எங்கையிருந்து வருகுது எண்டு நினைக்கிறியள்?”

அவள் முதலாவதாகத் தெரிவு செய்தது எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கும் நாவலடிக்குளம். எங்கள் கிணறுகள் இன்னும் உவராமல் இருப்பது அதனால்தான். ஆனால் எல்லைத் தகராறு உள்ள இடத்தை முதல் தெரிவில் எடுக்கமாட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊரில் வேலிக்குக் கால் உண்டு. வேலி அடைக்கும்போது பட்டுப்போன கதியால் தடியைப் பிடுங்கி, புதியதை ஒரு சாண் தள்ளி ஊன்றுவார்கள். அயல் வீட்டுப் பக்கம் தள்ளினால் கோடு, கச்சேரி என்று வழக்குப் பேசி அலைய வேண்டும். குளத்துப் பக்கம் தள்ளினால் குளம் வாய் திறக்காது. அப்படியே குளம் பாதியாகிவிட்டது. என் வீடு ஒழுங்கையின் மற்றப் பக்கம் என்பதால், இதையெல்லாம் பேச எனக்கு வாய் இருக்கிறது.

குளக்கட்டில் எல்லோரையும் கூட்டி, வேலிகளைப் பின்னுக்கு எடுக்கும்படி உதயகலா கேட்டாள். அவளுக்கு அயல் வீட்டுச் சின்னாச்சியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“பிள்ளை, முதல்ல உன்ரை வேலியைப் பார். உன்ரை மனுசன் மாமரத்தையே குளத்துக்குள்ளை நட்டு வச்சிருக்கிறான்.”

கூட்டம் சிரித்தது. உண்மைதான். வங்கியில் வேலை செய்யும் அவள் கணவன் கோபிசங்கர், மகள் பிறந்தபோது நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் அது. உதயகலாவின் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் மழுப்பவில்லை.

“ஓமக்கா. அது குளத்துக் காணிதான்.”

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுச் சண்டை ஒழுங்கைக்கே கேட்டது.

“என்ரை மரத்தை நான் விடமாட்டன்!”

“மரத்தை ஆர் வெட்டச் சொன்னது? வேலியைத்தான் எடுக்கச் சொல்லுறன்.”

“அப்ப மாங்காய் ஆருக்கு?”

“குளத்துக்கு.”

மறுநாள் காலையில் அலுவலகச் சேலையோடு இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு அவளே கதியால் பிடுங்கத் தொடங்கினாள். அலவாங்கு ஒரு பக்கம் இழுத்தது, அவள் ஒரு பக்கம் இழுத்தாள். ஊர் பார்க்கிறதே என்று கோபிசங்கருக்கு மானம் போயிற்று. “தள்ளு, காலிலை போட்டுக்கொள்ளப் போறாய்” என்று வந்து வாங்கினான். அவன் வேலியைப் பின்னுக்கு நட்ட பிறகு சின்னாச்சியக்காவும் தன் வேலியைப் பிடுங்கினார். மழைக்கு முன்னமே மற்ற வேலிகளும் வந்த வழியே திரும்பின. நாவலடிக்குளம் முதல் தெரிவாயிற்று.

மார்கழியில் தண்ணீர் பழைய எல்லைவரை வந்து, மாமரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாரைகளும் வந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

போன ஆனியில் மரம் நிறையக் காய். கோபிசங்கர் மாங்காய் பிடுங்கக் கொக்கத்தடியோடு போனதும் சின்னாச்சியக்கா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, உது குளத்தின்ரை மாங்காய் எல்லோ?”

அவன் பெண்சாதியைப் பார்த்தான்.

“அக்கா சொல்லுறது சரி” என்றாள் அவள்.

முறுமுறுத்துக்கொண்டே பிடுங்கி, பனையோலைக் கடகத்தில் போட்டு, வீடு வீடாகக் கொடுத்தான். என் பங்கை வாங்கும்போது நானும் சும்மா இருக்காமல், “குளத்துக்கு என்ரை நன்றியைச் சொல்லும்” என்றேன். கடைசியில் அவர்கள் வீட்டுக்கு மிஞ்சியது ஒரு பழம்.

உதயகலா அதைக் குளக்கட்டிலேயே இருந்து வெட்டினாள். மகளுக்கு ஒரு துண்டு, அவனுக்கு ஒரு துண்டு. தான் சூப்பி முடித்த கொட்டையையும் அவன் கையில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, இதை எங்கடை வேலிக்கு உள்ளை நடுங்கோ.”