அக்காவின் ஸ்ட்ராபெரியை ருசி பார்த்தவர்கள்

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. நினைவு மலர் போடலாம் என்று பேச்சு வந்ததும் மாமா என்னைத்தான் எழுதச் சொன்னார். "அவளோட நீதான் சண்டை போடுவ. நீ எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றார். அக்காவின் கணவர் சொல்லும்போது தங்கையான நான் மறுக்க முடியுமா? தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அட்டைப் படத்தைப் பார்த்து "இது எப்ப எடுத்த போட்டோ?" என்று கேட்டுவிட்டு மலரைக் கைப்பைக்குள் வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகப் படியுங்கள்.

அக்கா பிறந்தது ஒக்கலிபுரத்தில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நாங்கள் இரண்டு பெண்கள், அக்கா மூத்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து என்றுதான் அக்கா வளர்ந்தார். விவசாயக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று காலமானார். அப்பாவின் வேலையைக் குடும்பத்தில் ஒருவருக்குத் தருவதாக ரயில்வேயில் சொன்னார்கள். துக்கத்துக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் மூத்த பெண் வேலைக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதுவரை மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போயிராத அம்மா, "அவ படிக்கட்டும், நான் போறேன்" என்றார். சொன்னபடியே போனார். அக்கா பிற்காலத்தில் எந்த மேடையில் பேசினாலும் அம்மாவின் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

படிப்பு முடிந்து அக்கா பழப்பயிர் ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே மாவும் திராட்சையும் மூத்தவர்கள் கையில் இருந்தன. யாரும் கேட்காத ஸ்ட்ராபெரி அக்காவிடம் வந்தது. நமக்கு அந்தப் பழமே பிற்பாடுதான் பழக்கம். கடையில் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருக்கும், முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. நம் ஊர் வெயிலைத் தாங்கிக் காய்க்க வேண்டும், வாசனையும் இருக்க வேண்டும், அப்படி ஒரு செடியை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று அக்கா இறங்கினார்.

அது எப்படிப்பட்ட வேலை என்று நான் ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தேன். மொட்டு விரிவதற்கு முன்பே அதைப் பிரித்து, மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். பிறகு வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் தடவி, காகிதப் பை போட்டு மூடிச் சீட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பழத்தின் விதைகளை முளைக்க வைத்தால் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு குணத்தில் வரும், ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் நானும் போல. அவற்றில் தேறாததையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். எனக்குப் பாவமாக இருந்தது. அக்கா கூசாமல் பிடுங்கினார். கடைசியில் மிஞ்சும் ஒரு நல்ல செடி தரையில் கொடி விடும். அந்தக் கொடியில் வேர் பிடிக்கும் கன்றுகளை எடுத்து நட்டால் எல்லாம் தாயைப் போலவே இருக்கும். அந்த ஒரு செடியைக் கண்டுபிடிக்கத்தான் அக்காவுக்கு அத்தனை வருடங்கள் ஆயின.

இதற்கு நடுவில் கல்யாணமாகி மர்பி டவுனில் மாமா வீட்டுக்குப் போனார். அக்காவுக்குச் சமையல் வராது. இதை எழுதாவிட்டால் அவர் வீட்டில் சாப்பிட்ட நீங்கள் யாரும் இந்த மலரில் மற்றதையும் நம்பமாட்டீர்கள். ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிடுவார், அல்லது போட்டதை மறந்து மறுபடி போடுவார். மாமாவோ எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்பார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் குடும்பமே அப்படித்தான். இலையில் விழுந்ததைக் குறை சொன்னால் பரிமாறியவர் மனசு நோகும் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். தீய்ந்த தோசையையும் நல்லா இருக்கு என்று சொல்லி இன்னொன்று கேட்பவர்கள் நாம்.

செடி கிடைத்ததும் அதற்கு அம்மாவின் பெயரை வைக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் பிடிவாதம் பிடித்தோம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "சரஸ்வதின்னு பேர் வெச்சா, மழைக்காலத்துல ஃபார்ம்ல இருந்து போன் பண்ணி 'மேடம், சரஸ்வதி அழுகிப் போச்சு'ன்னு சொல்வாங்க. அது தேவையா எனக்கு?" என்றார். அம்மாதான் விழுந்து விழுந்து சிரித்தார். பெயரை ஆபீசே வைக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டார்.

ஒரு புது ரகத்தைப் பதிவு செய்ய அதன் அங்க அடையாளங்களை எழுதித் தர வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்து லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்வது போல எழுதினால் செல்லாது. இலையின் பளபளப்பு, பூவின் இதழ்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, பழத்தின் மேலுள்ள விதைகள் அமுங்கியிருக்கின்றனவா துருத்தியிருக்கின்றனவா, காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பி நிமிர்ந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுத வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது.

அளவெடுக்கும் வேலையை அக்காவின் கீழ் வேலை பார்த்த மஞ்சுளா பொறுப்பேற்றுக்கொண்டார். இனிப்பையும் புளிப்பையும் கருவி அளந்து சொல்லிவிடும். ஆனால் பழம் வாயில் எப்படி இருக்கிறது என்ற பத்தியை அக்காதான் எழுத வேண்டியிருந்தது. அதற்குள் சிகிச்சை அவர் நாக்கை வாங்கிக்கொண்டுவிட்டது. "எதைப் போட்டாலும் தகரத்தை நக்கின மாதிரி இருக்குடி" என்றார். இத்தனை காலம் உழைத்து உண்டாக்கிய பழத்தின் ருசி அவருக்கே தெரியவில்லை. வெயில் ஏற ஏறப் பழங்கள் குறைந்துகொண்டிருந்தன. அடுத்த பருவத்துக்கு அவர் இருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆபீசில் ருசி பார்த்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். மேடத்தின் பழம், அதிலும் மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோரும் அள்ளிப் போட்டிருந்தார்கள். அக்கா அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, மஞ்சுளாவிடம் பழங்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். அம்மா, மாமா, நான் மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு, "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்றார். நான் "சூப்பரா இருக்குக்கா" என்றேன். மாமா என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

அக்கா இன்னொரு தட்டை நீட்டினார். அதையும் தின்றோம், அதையும் புகழ்ந்தோம். நான் ஒரு படி மேலே போய், முந்தினதைவிட இது இன்னும் இனிப்பு என்றேன்.

"அது என் பழம் இல்ல. மஞ்சுளா ரோட்டுல டப்பால வாங்கிட்டு வந்தது" என்றார் அக்கா.

நாங்கள் மூவரும் அசடு வழிந்தோம். அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அப்பா போனபோதுகூட எங்கள் முன்னால் அழாத அக்கா அன்று அழுதார். "எனக்கு நாக்கு போச்சு. உங்க நாக்கைக் கொஞ்சம் கடன் கேட்டேன். அதைக்கூடக் குடுக்க மாட்டேங்கறீங்க. எனக்கு நோவு வந்ததுக்குப் பழத்துக்கு மார்க் போடாதீங்க!" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டு போனபோது மாமா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் பழத்தட்டு. மாமா சாதாரணமாக மென்றே சாப்பிடமாட்டார். அன்று ஒரு பழத்தைப் பாதி கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"முதல்ல வாசனைதான் வருது. கடிக்கறதுக்கு முன்னாடியே மூக்குக்கு வந்துடுது. அப்புறம் புளிப்பு, பின்னாடியே இனிப்பு. நல்..." என்று தொடங்கியவர் வார்த்தையை விழுங்கிக்கொண்டார். "ஆனா முழுங்கின அப்புறம் ஒரு துவர்ப்பு நிக்குது. வாழைக்காய் நறுக்கின கைய நாக்குல வெச்ச மாதிரி. அது எனக்குப் புடிக்கல."

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "எல்லாப் பழத்துலயுமா?"

மாமா இன்னும் சிலவற்றைத் தின்றார். "இதுல இல்ல. இதுலயும் இல்ல. இதுல இருக்கு." துவர்த்த பழங்களை ஒரு பக்கமும் துவர்க்காதவற்றை ஒரு பக்கமும் கடித்த மிச்சத்தோடு வைத்தார். அக்கா குனிந்து பார்த்தார். துவர்த்தவை எல்லாம் தொப்பிக்குக் கீழே வெளுத்திருந்தன. மற்றவை மேலே வரை சிவந்திருந்தன. முக்கால் சிவப்பில் பறித்தால் துவர்க்கிறது, முழுக்கச் சிவக்க விட்டால் துவர்ப்பு போய்விடுகிறது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த வருடத்தில் பார்த்ததே இல்லை. பழத்தில் குறை கண்டுபிடித்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்போ என் ரசம்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. இன்னிக்கு உண்மை நாள்."

"உப்பு இருக்காது. இருந்தா ரொம்ப இருக்கும்" என்றார் மாமா. அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அக்கா சொல்லச் சொல்ல மஞ்சுளா அந்தப் பத்தியை எழுதினார். துவர்ப்பு வரும் இடத்தில் மஞ்சுளாவின் கை நின்றது. முழுக்கச் சிவந்த பழம் வெளியூர் வண்டியில் தாங்காது. முக்கால் சிவப்பில் பறித்தால்தான் தூரத்துக்குப் போகும். துவர்ப்பை எழுதினால் இந்த ரகத்தை விரும்பி நடுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று அவருக்குக் கவலை. "மேடம், ஈ லைன் பேடா மேடம். மத்தவங்க யாரும் இப்டி எழுதறதில்ல. விட்டுடலாம்" என்று கெஞ்சினார்.

"நட்டவன் ஒரு பழத்தை வாயில போட்டா அவனுக்கே தெரிஞ்சுடும். அப்போ என்னைத் திட்டறதுக்குப் பதிலா இப்பவே நான் சொல்லிடறேன். எழுதும்மா" என்றார் அக்கா.

மஞ்சுளா எழுதினார். ஆங்கிலத்தில் போன அந்தப் பத்தியின் சாரத்தை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: மணமுள்ள பழம். முதலில் புளிப்பும் தொடர்ந்து இனிப்பும் தெரியும். தொப்பிக்குக் கீழே வெண்மை இருக்கையில் பறித்தால் துவர்க்கும். முழுதும் சிவந்த பிறகே பறிக்க வேண்டும். தொலைதூரச் சந்தைக்கு ஏற்றதல்ல. அக்கா அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். இரண்டாவது முறை படித்துவிட்டு, மணத்துக்கு முன்னால் 'மிக' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னார். அந்த ஒரு கர்வம் அவருக்கு இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

பருவமழை தொடங்கும் முன்பே அக்கா போய்விட்டார். இப்போது ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் சிலர் அந்தக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள் என்று மஞ்சுளா சொன்னார். காலையில் பறித்து அன்றைக்கே இங்கேயே விற்றுவிடுகிறார்களாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அலுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்த நேரமெல்லாம் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரருக்கும், அக்காவின் வேலையைத் தன் வேலையாக முடித்துக்கொடுத்த மஞ்சுளாவுக்கும், பெற்ற மகளை வழியனுப்பிவிட்டு இன்றும் எங்களுக்குத் தைரியம் சொல்லும் அம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வயதில்லை. கடைசி வாரத்தில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரும் அக்காவிடம் முகம் தெளிவாக இருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதையேதான் சொன்னேன். எல்லோரும் போன பிறகு அக்கா மாமாவைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்க. நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டார்.

மாமா வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப எளைச்சுட்ட. கண்ணு மஞ்சளாயிடுச்சு. இனிமே நாம வீட்டுக்குப் போவோம்னு எனக்குத் தோணல. எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் அக்கா. அத்தனை நாளும் அந்த வார்த்தையை எங்கள் யாரிடமும் சொல்ல அவருக்கு வழியில்லாமல் இருந்தது. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.