பிளக் வறுத்த சட்டி

போன மாதம் நம் புதுக் கார் மஞ்சூருக்கு மேலே ஒரு வளைவில் நின்றுபோனது. மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்ததே தவிர, என்ன கோளாறு என்று அது வாய் திறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், பானெட்டத் திறந்து எதையும் தொட்டுடாதீங்க. தொட்டா வாரண்டி போயிடும்." கோயம்புத்தூரிலிருந்து லாரி வருமாம். காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகுமாம். அதுவரை நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

போனை வைத்துவிட்டு முதல் காரியமாக பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பெரிய மூடி. குனிந்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை. பிள்ளைகளே, சிரிக்காதீர்கள், அந்த விளக்கைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு காலத்தில் நம் வீட்டுச் சமையலறையே பெட்ரோல் மணத்ததை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. பத்தாவதோடு நின்றவன், தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போட்டவன். எஸ்டேட்டில் வேண்டாமென்று தள்ளிய பெட்ரோல் ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். இந்த ஊர்க் குளிரில் காலையில் அது சுலபத்தில் கிளம்பாது. எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றி, இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் சூடாக்கி, ஈரம் போனதும் சுடச்சுட மாட்டினால்தான் உயிர் வரும். அதற்கு எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் 'பிளக் வறுக்கிறது' என்று பெயர். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி, "பிளக் வறுத்தாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டார் போவார்கள்.

அந்தச் சட்டியைத் தனியாகத்தான் வைத்திருந்தோம். ஒருநாள் உங்கள் அம்மா மறந்துபோய் அதிலேயே நிலக்கடலை வறுத்து, கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த தன் அப்பாவுக்கு, அதான் உங்கள் அப்பிச்சிக்கு, கொடுத்துவிட்டாள். மனிதர் கடைசிக் கடலைவரை தின்றுவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, உங்க மலைக் கடலைக்கு ஒரு தனி வாசமுங்க" என்றார். இது மரியாதையா நக்கலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கடலையை விடுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த வேலை. அன்றைக்கென்று பஸ் வரவில்லை. சாரல் அடிக்கிறது. ஜீப்பை எடுத்தோம். பாதி வழியில் அது இருமி நின்றது. திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பிளக்கைப் பெட்ரோலில் ஊறவைத்ததுதான் நான் செய்த உபகாரம். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "இன்னைக்கு எனக்கு வேலை கெடைக்கலீன்னா, நாளையிலிருந்து இந்த வண்டிகூடவே குடும்பம் நடத்திக்கோங்க."

பிளக்குகளைக் கழற்றிக்கொண்டு அடுத்த வளைவிலிருந்த டீக்கடைக்கு இருவரும் ஓடினோம். கடைக்கார அக்கா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு தோசைக்கல்லை ஏற்றினார். "ஏந்தம்பி, இதை எண்ணெயில பொரிக்கோணுமா, சும்மா வாட்டுனாப் போதுமா?" பெஞ்சில் இருந்த ஒருவர் தனக்கு ரெண்டு பார்சல் என்றார், சட்னியோடு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சூடான பிளக்குகளைக் கடைத்துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையை அதன் மேலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். பிளக் நனையவில்லை. அவள் தொப்பலாக நனைந்தாள். ஜீப் கிளம்பியது.

கை ஏன் கரியாக இருக்கிறது என்று இன்டர்வியூவில் தலைமையாசிரியை கேட்டாராம். "வண்டிய வறுத்துக்கிட்டு வந்தோங்க" என்று அம்மா நடந்ததைச் சொன்னாளாம். வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் படித்தீர்கள்.

வளைவுக்கு வருகிறேன். லாரியோடு வந்த தம்பி ஸ்டீரிங்குக்குக் கீழே கையகலப் பெட்டி ஒன்றைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஏதோ சென்சார் என்றான். எது, எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். "அதெல்லாம் எங்களுக்கே சொல்லித் தர்றதில்லைங்க. புதுசு மாட்டிருவாங்க, அவ்வளவுதான்."

பழைய ஜீப்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. மழையில் உள்ளேயும் குடை பிடித்தவன் நான். புது வண்டி நல்ல வண்டி. என் கோபம் வண்டிமேல் இல்லை, அந்த மூடிமேல். வாங்கியவன் நான். திறக்காதே என்று சொல்ல அவர்கள் யார்? நாளைக்கு உங்களிடமும் யாராவது தொடாதே என்பார்கள். ஏன் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் திறந்து பாருங்கள்.

லாரிக்காகக் காத்திருந்தபோது எத்தனையோ வண்டிகள் கடந்து போயின. ஒன்றும் நிற்கவில்லை. முன்பெல்லாம் அந்தப் பாதையில் பானெட் தூக்கியிருந்தால் பஸ்காரரே நிறுத்தி இறங்குவார். தெரிந்தவர், தெரியாதவர் என்று நாலு தலை உள்ளே நுழையும். அந்தத் தலைகள்தான் காணாமல் போய்விட்டன. இப்போது எல்லாருக்கும் தெரியும், கம்பெனி வரும்.

கார் திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அதை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, அந்தப் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறேன். எனக்கு உள்ளே ஒன்றும் புரிவதில்லை. நேற்று ரோட்டில் போனவர் ஒருவர் நின்று, என்ன ரிப்பேர் என்று கேட்டார்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா தொறந்து வெச்சிருக்கேன். வந்து பாருங்க" என்றேன்.

வந்து தலையை உள்ளே விட்டார்.