கண் அசைகிற சத்தம்

என் தங்கைக்கு அச்சகத்தில் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. பள்ளிப் புத்தகங்களும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்களும் அச்சடிக்கிற இடம் அது. பதினேழு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறாள். மில்லிகிராமில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அவளுக்கும் சேர்த்து நீயே பேசிவிடுகிறாய் என்று எங்கள் அம்மா என்னைச் சொல்வார். நான் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். நாள் முழுக்க பிரேக், பிரேக் என்று கத்திப் பிழைக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டை இறங்குவதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"கண்ணை இப்படி அப்படித் திருப்பினா அந்தச் சத்தம் எனக்குக் கேக்குது."

"எந்தச் சத்தம்?"

"கண்ணு அசையுற சத்தம். வலது காதுல. தரையில காகிதத்தை இழுக்கற மாதிரி."

நான் சிரிக்கவில்லை. பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இல்லாத குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கடைசிப் பதினோரு வருடங்களை அவர் எங்கே கழித்தார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் பார்த்த டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார். இவள் கண் சத்தத்தைச் சொன்னதும் பேனாவை மூடினார். அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதினார். வெளியே வந்ததும் அந்தச் சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

"இனிமே எந்த டாக்டர்கிட்டயும் இந்தக் கண்ணு கதையை எடுக்காத. தலை சுத்துதுன்னு மட்டும் சொல்லு. புரியுதா?"

தலையாட்டினாள். என் பேச்சை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

தலை சுற்றியதும் நிஜம்தான். அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தால் எதிர்ச்சுவர் சாய்கிறது என்பாள். நான் சமையலறையிலிருந்து உரக்கக் கூப்பிட்டால் கதவைப் பிடித்துக்கொள்வாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டா மயக்கம் வருமா? ரொம்பத்தான் நடிக்காதே" என்று அதற்கும் திட்டியிருக்கிறேன். இரண்டாவது டாக்டர் ரத்த அழுத்தம் என்றார். மூன்றாமவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று ஒரு பட்டையை மாட்டிவிட்டார். சாப்பிடும்போது மெல்லுகிற சத்தம் மண்டையை அடைக்கிறது என்று பாதியில் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். நடந்தால் குதிகால் தரையில் படுவது காதுக்குள் இடிக்கிறதாம், வீட்டுக்குள்ளேயே மெத்தென்ற செருப்பு போட்டாள். ஆறு கிலோ இளைத்துவிட்டாள்.

ஒரு மாலை அவள் அறையை எட்டிப் பார்த்தேன். சுவரை வெறித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

"என்னடி பண்றே?"

"கண்ணுக்கு ஓய்வு குடுக்கறேன்." சுவரிலிருந்து பார்வையை எடுக்காமலே, "அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்குதா? பொய் சொல்லாம சொல்லு" என்றாள்.

"சீ, வாயைக் கழுவு" என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அச்சகத்தில் ஒரு மருந்துத் தாள் தப்போடு போகப் பார்த்தது. குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்ற வரியே விழுந்துபோயிருந்தது. இவள் கவனிக்கவில்லை. இயந்திரம் ஓட்டுகிறவர் தற்செயலாகப் பார்த்து நிறுத்தினார். முதலாளி நல்ல மனுஷன்தான். "ஒரு மாசம் லீவு எடுத்துக்கம்மா. அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எங்கே போய் முடியும் என்று பதினேழு வருடம் வேலை செய்தவளுக்குத் தெரியாதா என்ன.

என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸ், நான் அன்று ஒரு தடவைகூடக் கத்தாததைப் பார்த்துப் பயந்துபோய் விசாரித்தாள். சொன்னேன், தலைசுற்றலை மட்டும். "எங்க காது டாக்டரம்மாகிட்ட காட்டுங்க, அவங்க விடமாட்டாங்க" என்றாள்.

காது, தலை, கழுத்து என்று கதவில் எழுதியிருந்தது. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பிறகு காதில் தண்ணீர் விட்டு ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், இதைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனார். போனவர் ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"ஏம்மா, ஏன் தாளை நகர்த்தி நகர்த்திப் படிக்கறீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தங்கையின் தலை அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. தாளை முகத்துக்கு நேரே பிடித்து, வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டிருந்தாள். வரி முடிந்ததும் தாளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் அடுத்த வரியை இழுத்தாள். எத்தனை மாதமாக இப்படிப் படிக்கிறாளோ. அப்படி இழுக்கும்போது ஒரு வரி நழுவாமல் என்ன செய்யும்? ஒரே வீட்டில் இருக்கிறேன், என் கண்ணில் இது படவே இல்லை.

அவள் டாக்டருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் போட்ட பூட்டு அது. சொன்னால் மறுபடியும் அதே சீட்டு வரும், சித்தப்பா போன வழி வரும். ஆனால் அவள் தாளை இன்னும் முகத்துக்கு நேரே பிடித்தபடியே இருந்தாள்.

"அவளுக்குக் கண்ணு அசையுற சத்தம் காதுல கேக்குது டாக்டர்" என்றேன். "அது கேக்கக் கூடாதுன்னுதான் தாளை இழுக்கறா. வெளியில சொல்லாதன்னு நான்தான் வாயை அடைச்சேன். எந்தத் தப்பா இருந்தாலும் என்னோடது. அவ பைத்தியம் இல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, பேனாவையும் மூடவில்லை. இழுப்பறையைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்த்த மாதிரி, தட்டினால் ஒலிக்கிற ஒரு இசைக்கவையை எடுத்தார். தன் முழங்காலில் தட்டி, அதன் அடியை என் தங்கையின் வலது கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"எங்க கேக்குது?"

"காதுல. வலது காதுல. ரொம்பச் சத்தமா." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் கணுக்காலிலும் வைத்தார். எனக்குக் காலில் குறுகுறுப்பு மட்டும்தான்.

உள்காதில் வளையம் வளையமாக மூன்று குழாய்கள் உண்டாம். மேலே இருப்பதற்கு எலும்பு ஒரு கூரை மாதிரி. சிலருக்கு அந்தக் கூரை ஓட்டையாகிவிடும். அப்புறம் உடம்பில் அசைவதெல்லாம் காதுக்குள் ஒலிக்கும், வெளிச்சத்தம் பெரிதாக வந்தால் தலை சுற்றும். "நானே இதுவரைக்கும் நாலு பேரைத்தான் பார்த்திருக்கேன். ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிடலாம்" என்றார். எடுத்தார்கள். கடுகளவு ஓட்டை.

"வெறும் ஓட்டையா?" என்று தங்கை இரண்டு தடவை கேட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடைக்கலாம், ஆனால் அந்தக் காதே கேட்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தங்கை அடைத்துவிடச் சொன்னாள். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். முதல் நாளே நான் என் வாயை மூடிக்கொண்டிருந்தால் இத்தனை மாதம் அவள் தனியாகப் பயந்திருக்க மாட்டாளே என்று என்னை நானே பிய்த்துக்கொண்டேன். இரண்டு நாள் தலையில் கட்டோடு கண்ணை மூடியே கிடந்தாள். நான் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தாள். சன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், திரும்பச் சன்னலைப் பார்த்தாள்.

"ஏன் இப்படிக் குசுகுசுங்கறே?" என்றாள். "வழக்கம்போலக் கத்து. ஒண்ணும் ஆகாது."

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, நோய் விவரம் எழுதிய தாளை நர்ஸ் கொடுத்தாள். தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டாள். தாள் மடியிலேயே இருந்தது. கண் மட்டும் வரி வரியாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்குத் தாளவில்லை. திடீரென்று ஒரு வரியில் நின்று பேனா கேட்டாள். என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தேன்.

'கண் அசைவு காதில் கேட்பதாக நோயாளி கூறினார்' என்று இருந்தது. நோயாளி என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தாள். ஓரத்தில், அச்சகத்தில் எழுதுகிற அதே சின்னக் கையெழுத்தில், அக்கா என்று எழுதினாள்.

"தப்பா இருந்தது" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.