பெயர்த்தெடுத்த எண்

கில்லெட் ஊரில் யாரோ ஒருவனுக்கு நடந்ததாம். டுவேனின் மனைவிக்கு அவளுடைய சித்தி மகள் சொன்னது. சித்தி மகளுக்கு முடி வெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னது. டுவேனின் வாய்க்கு வந்து சேர்வதற்குள் செய்தி நன்றாகச் சதை போட்டிருந்தது.

"பெரிய பிக்கப்பு. முகப்பு மட்டும் ஆள் உசரம். மூடியத் திறந்தா உள்ள என்னன்னு நெனக்கிற? நாலே நாலு சிலிண்டரு, ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டர்போ. பின்னாடி டிரெய்லர்ல எட்டு கன்னுக்குட்டி. மலை ஏறும்போது ராக்கெட்டு மாதிரி போச்சாம். எறங்கும்போதுதான் கூத்து. எஞ்சின் வண்டியப் புடிக்கவே இல்லயாம். பிரேக்கு புகையுது, பொண்டாட்டி கத்துறா, கன்னுக்குட்டி கத்துது…"

"யாரு மொதல்ல கத்துனது?" என்றாள் காபிக் கடையில் பரிமாறும் பாட்சி, கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே.

"அது எனக்கு வந்து சேரல."

மேசையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். வெர்லின் ஹாகனும் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தால் முகம் தானாகவே அதைச் செய்துவிடுகிறது என்பதை அவர் பிப்ரவரியிலிருந்து கவனித்து வருகிறார்.

"தையல் மெஷினு," என்றார் டுவேன். "அத வச்சு சட்ட தைக்கலாம். நல்லவேள, நம்ம வெர்லினாவது எட்டு சிலிண்டரா பாத்து வாங்குனான்." முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

வெர்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால். மகள் மார்லா அந்த வண்டியில், நான்கு குதிரைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பிக்ஹார்ன் மலையின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம். அந்த வண்டிக்கும் சிலிண்டர் நான்குதான்.

வெர்லின் முப்பத்தொரு வருடம் மாவட்டத்துக்குச் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டியவர். கோடையில் சரளை, குளிர்காலத்தில் பனி. அந்த அதிர்வு அவருடைய விரல் நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது ஊசி குத்தினாலும் தெரியாது. பிப்ரவரியில் மனைவி லெனோர் இறந்தபிறகு அந்த மரத்துப்போதல் விரல்களோடு நிற்கவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எல்லோரும் அழுதார்கள். உறைந்து கிடக்கும் மண்ணை இவ்வளவு நேர்கோட்டில் எப்படி வெட்டினார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியை வாங்க வைத்ததே லெனோர்தான். சிகிச்சைக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்லிங்ஸ் போக வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். பழைய எட்டு சிலிண்டர் வண்டி போட்ட சத்தத்தில் வழி முழுக்க அவளால் கண்ணை மூட முடியவில்லை. விற்பனைக் கடையில் நின்ற புது வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். விற்பனையாளன் பின் சீட்டிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் வாய மூடுறியா தம்பி," என்றார் வெர்லின். திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் காலை அவர் செய்த முதல் வேலை, கதவில் எஞ்சின் அளவைச் சொல்லும் அந்த எண்ணைப் பெயர்த்தெடுத்தது. லெனோரின் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்தார். தடம் தெரியாமல் இருக்க மெழுகு போட்டுத் தேய்த்தார்.

தலையில் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்று லெனோர் வேடிக்கை பார்த்தாள். "நம்பரப் பிச்சுட்ட, சரி. சத்தத்த எங்கேருந்து கொண்டு வந்து ஒட்டுவ?"

"டுவேன் இருக்கானே, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"காட்டட்டுமே. எனக்குத் தூக்கம் வருது, அதான் வாங்குனோம்னு சொல்லு."

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. மனைவியின் நோயைக் காபி மேசையில் வைத்துப் பேசுவது அவருக்கு வராது. "எட்டுதான். சைலன்சர் புது மாதிரி, அதான் சத்தம் கம்மி," என்று சொல்லிவிட்டார். யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அப்படித் திறந்து பார்ப்பது இங்கே ஒருவனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம்.

வண்டி அவர் மானத்தைக் காப்பாற்றியது. ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கவே இல்லை. காற்று மெலிந்த உயரத்தில் பழைய வண்டி திணறும் இடத்தில் இது ஓடியது. ஆனால் போன செப்டம்பரில் அறுபது கட்டு வைக்கோலோடு டென் ஸ்லீப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது அவருக்கு ஒன்று புரிந்தது. இறக்கத்தில் டர்போ உதவிக்கு வராது. அங்கே வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது எஞ்சினின் பருமன். பழைய வண்டியில் இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் அது யானை மாதிரி தானாக இறங்கும். இது நழுவியது. பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது, மறுபடி மறுபடி. வளைவுக்கு முன்னால் எரிந்த வாடை வந்தது. ஓரம் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அதற்கப்புறம் நடை வேகத்தில், முதல் கியரில் இறங்கினார். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது.

குதிரைகள் லெனோருடையவை. மலைக்கு அந்தப் பக்கம் டென் ஸ்லீப் ஊரில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி நான்கையும் வாங்கிக்கொள்கிறாள். மார்லா நேற்றே பில்லிங்ஸிலிருந்து வந்துவிட்டாள். விடிந்ததும் டுவேனும் ஏற்றி விடுவதற்கு வந்தார், கிழட்டுப் பெண்குதிரை டிரெய்லருக்குள் ஏறப் பிடிவாதம் செய்யும் என்பதால். எல்லாம் ஏற்றி, டுவேன் குனிந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது மார்லா கேட்டாள்.

"அப்பா, பழைய வண்டில அம்மா உச்சியத் தாண்டுனதும் ரெண்டாவது கியர்ல போட்டு விட்டுருவா, பிரேக்கையே தொட மாட்டா. இதுவும் அப்படித்தானே?"

டுவேனின் தொப்பி டிரெய்லருக்குப் பின்னால் தெரிந்தது. ஆறடி தூரம் கூட இல்லை.

"அதே மாதிரிதான்," என்றார் வெர்லின்.

"நீயும் வாயேன்ப்பா. அம்மா குதிரைங்க."

"முட்டி வலி."

முட்டி வலிக்கவில்லை. அங்கே குதிரைகள் ஒவ்வொன்றாக இறங்கி அடுத்தவர் லாயத்துக்குள் போகும்போது தனக்குள் எதுவும் தோன்றாமல் போனால், அதை மகள் பார்த்துவிடுவாளே என்றிருந்தது. ஒன்பதாயிரம் பவுண்டு எடை சரளையை நொறுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியது. மார்லா கண்ணாடி வழியாகக் கையாட்டினாள்.

இப்போது மேசைக்கடியில் போனை வைத்து மகளை அழைத்தார். மணியே அடிக்கவில்லை; நேராகப் பதிவுக் குரலுக்குப் போனது. மலைமேல் சிக்னல் கிடையாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பகடைக் குவளை சுற்றி வரத் தொடங்கியது. தோற்பவன் எல்லோர் காபிக்கும் கொடுக்க வேண்டும், தினமும் நடப்பது. டுவேன் குலுக்கினார், பக்கத்தில் இருந்தவன் குலுக்கினான். உச்சிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் மாநிலச் சாலைத் துறையின் கொட்டகை இருக்கிறது என்று வெர்லினுக்கு நினைவு வந்தது. டுவேனின் மகன் கேல் அங்கேதான் வேலை பார்க்கிறான், பனி ஒதுக்கும் வண்டியோடு. கொட்டகையில் கம்பிப் போன் உண்டு. கேல் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினால் மார்லா நிறுத்துவாள். அந்த நம்பர் டுவேனிடம்தான் உண்டு; அவர்தான் பேச வேண்டும். டுவேன் பேச வேண்டுமென்றால், ஏன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

குவளை வெர்லினிடம் வந்தது. அவர் குலுக்கிக் கவிழ்த்தார். பகடை உருண்டதை விரல்கள் உணரவில்லை.

"ஒண்ணு, ஒண்ணு, மூணு, ரெண்டு, நாலு! அடேய், இதவிடக் கேவலமா போடவே முடியாதுடா," என்றார் டுவேன். "இன்னொரு வாய்ப்புத் தரேன், போடு."

அவர் போட்டார். இன்னொரு சுற்று போனது. பாட்சி எல்லோர் கோப்பையையும் நிரப்பிவிட்டு அவருடையதைப் பார்த்தாள். "நீ ஒரு வாய்கூடக் குடிக்கலயே கண்ணு. ஆடை படிஞ்சு போச்சு பாரு."

"என் வண்டி நாலு சிலிண்டர்," என்றார் வெர்லின்.

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மணி என்ன என்று சொல்வது போலிருந்தது. யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"அந்த டர்போதான். நான் நம்பரப் பிச்சு எடுத்துட்டேன். எறக்கத்துல அது புடிக்காது, எனக்குத் தெரியும். மார்லாவுக்குத் தெரியாது. பழைய வண்டி மாதிரியே எறங்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

இரண்டு வருடமாக அவர் பயந்த சிரிப்பு வரவில்லை. ஒருவன் பகடையைப் பொறுக்கி மெதுவாகக் குவளைக்குள் போட்டான். டுவேன் வெர்லினின் முகத்தைப் பார்த்தார்; அதில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துத்தான் பயந்தார் போலிருக்கிறது. ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார்.

"கேல்? அப்பா பேசுறேன்டா. கேளு, நடுவுல பேசாத. வெர்லினோட வண்டி, வெள்ளிக் கலர் டிரெய்லர், குதிர. ஓட்டுறது மார்லா. ரோட்டுல எறங்கி நிறுத்து… என்ன?" டுவேன் போனைக் காதோடு அழுத்தினார். "எப்ப?"

டுவேன் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"போயிட்டாளாம்," என்றார் டுவேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடி. கையாட்டிட்டுப் போனாளாம். வண்டி நல்லா இழுக்குதேன்னு நெனச்சானாம்."

ஐந்து நிமிடம். இரண்டு சுற்றுப் பகடை.

"பின்னாடியே போறேங்கிறான். பனி ஒதுக்குற வண்டி, என்ன வேகம் போவும்…" டுவேன் வெர்லின் பக்கம் குனிந்தார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா," என்றார். "அதுக்கா சிரிப்பேன்?"

"சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார் டுவேன். "அப்புறம் நிறுத்தியிருப்பேன்."

வெர்லின் மார்லாவை மறுபடி அழைத்தார். விரல் பட்டதைத் திரை இரண்டு முறை ஏற்கவில்லை. பாட்சி எட்டி, தன் நகத்தால் அழுத்திக் கொடுத்தாள். இந்த முறை பதிவுக் குரல் வரவில்லை. மணி அடித்தது.

மணி அடித்தால் சிக்னல் இருக்கிறது. சிக்னல் பள்ளத்தாக்கின் வளைவுகளில்தான் கிடைக்கும். அவள் அங்கே எங்கோ இருக்கிறாள்; அல்லது போன் அங்கே எங்கோ இருக்கிறது. டிரெய்லர் பின்னால் இருக்கும்போது போனைத் தொடக் கூடாது, யார் கூப்பிட்டாலும் சரி, நானே கூப்பிட்டாலும் சரி என்று மார்லாவுக்குப் பதினாறு வயதில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவள் ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

ஆகவே அவள் எடுக்காமல் இருப்பது நல்லதாகவும் இருக்கலாம்.

நான்காவது மணி. போனைப் பிடித்திருந்த கையை அவர் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ போலிருந்தது. டுவேன் தன் கையை அதன்மேல் வைத்தார். அந்தத் தொடுகையை வெர்லின் உணரவில்லை.

ஐந்தாவது மணி அடித்தது. ஆறாவது.